நாடா எட்டாத வீடு

"போதும், சுருட்டிக்கோ" என்றார் சர்வேயர்.

நெடும்பொற்றை என்ற பாறைக்குன்றின் குவாரி வாயிலிருந்து அளவு நாடாவை முனைக்கு முனை வைத்து அளந்துகொண்டு இறங்கியவர்கள் எல்லைக்கல்லில் வந்து நின்றுவிட்டார்கள். கல்லுக்குக் கீழே ஒரு கையாலை, மண்ணும் கல்லும் வைத்த தாழ்ந்த சுவர். கையாலைக்குக் கீழே முற்றம். முற்றத்தில் ரப்பர் பால் வாளியோடு நின்ற விமலகுமாரி நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், நாடா இன்னும் உண்டல்லா. இழுங்க. வீடு இதாக்கும்."

"அது கேரளா அம்மா."

"வீடுதானே சார்?"

"கேரளாவுல இருக்கிற வீடு. நாங்க தமிழ்நாட்டை அளக்கிறோம்."

"பாறை வெடிச்சா சில்லு இந்தக் கல்லுல வந்து நிண்ணு பாத்துட்டுத் திரும்பிப் போவுமா?"

நாடா பிடித்த ஆள் சிரித்துவிட்டான். சர்வேயர் சிரிக்கவில்லை. அட்டையில் செருகியிருந்த தாளில் எழுதினார்.

"என்ன எழுதுதிய?"

"குறிப்பிட்ட தூரத்துக்குள்ள குடியிருப்பு இல்லைன்னு." அதை அவர் வெட்கமில்லாமல் சொன்னார். அதட்டலும் இல்லை. "உங்களுக்குக் குறை இருந்தா உங்க கலெக்டர்கிட்ட சொல்லுங்க. திருவனந்தபுரத்துல இருப்பார்."

விமலகுமாரி திருவனந்தபுரத்துக்குப் போய் வந்திருந்தாள். அங்கே ஒரு பெண் அதிகாரி மரியாதையாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சுவரில் விரிசல் விழுந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் மலையாளத்தில், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டாள். "சேச்சி, குவாரி தமிழ்நாட்டில் அல்லே? ஞங்ஙள் எந்து செய்யான்?"

பாறைக்கு ஒரு மாநிலம், வீட்டுக்கு ஒரு மாநிலம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கையாலை.

சர்வேயரும் ஆளும் மேலே ஏறிப் போனார்கள். இப்போதிருக்கும் குவாரியின் குத்தகை முடிகிறது. கம்பெனி பொற்றையின் மிச்சத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கிறது. அதற்குத்தான் அளவு. அளவு முடிந்தால் மக்கள் கருத்துக் கேட்பு. அதுவும் முடிந்தால் பொற்றையின் இந்தப் பக்கத்துச் சரிவு, அவள் அடுக்களை ஜன்னலில் தெரியும் சரிவு, இறங்கிப் போய்விடும்.

விமலகுமாரி பிறந்தது கல்லுக்கு அந்தப் பக்கம். அண்ணன் பொன்னையன் இப்போதும் அங்கேதான் இருக்கிறான். பொற்றையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போகவேண்டும். கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம், சத்தியதாஸுக்கு. வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பேச்சு அதே பேச்சு. சபையில் வாசிப்பது அதே தமிழ் வேதப்புத்தகம். பஸ்ஸின் நிறம் மாறியது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் எழுதும் எழுத்து மாறியது. வாக்காளர் பட்டியலில் அண்ணன் வீட்டு முகவரியில் இருந்த அவள் பெயர் மட்டும் மாறவில்லை. யாரும் வெட்டவில்லை. அவளும் வெட்டச் சொல்லவில்லை.

இந்த ஊர்களில் அது ஒரு சங்கதியே இல்லை. எல்லையோரத்தில் பாதி வீடுகளில் இரண்டு பக்கத்து வோட்டு கார்டும் உண்டு. மழைக்கு ஒரு குடை, வெயிலுக்கு ஒரு குடை என்பதுபோல வைத்திருப்பார்கள். ஓணத்துக்கு இங்கே கிடைப்பதை இங்கே வாங்குவார்கள். பொங்கலுக்கு அங்கே கிடைப்பதை அங்கே வாங்குவார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு பக்கத்துக் கட்சிகளும் ஜீப் அனுப்பும். ஏறி இறங்கியவர்கள் யாரென்று ஜீப் அனுப்பியவர்களுக்கும் தெரியும். சட்டத்தில் அது குற்றம். சட்டத்தை யாரும் இங்கே கூட்டிக்கொண்டு வந்ததில்லை.

சத்தியதாஸ் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அவளும் வெட்டினாள். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய மரங்களையும் அவளே எடுத்துக்கொண்டாள். தோட்டத்துக்காரர் குவைத்தில் இருந்தார். பாதிப் பங்கு அவருக்கு, பாதி அவளுக்கு. விலை நன்றாக இருந்த காலத்தில் அந்தப் பாதியில் வீட்டுக்கு ஓடு மாற்றினாள். மகன் அஜேஷைப் படிக்க வைத்தாள்.

பிறகு ரப்பர் விழுந்தது. எங்கோ ஒரு நாட்டிலிருந்து கப்பலில் மலிவாக வந்து இறங்கியது. கம்பெனிகள் அதை வாங்கின. பக்கத்து அம்பூரியில் ஆளில்லாமல் மரங்களை வெட்டாமல் விட்டார்கள். இங்கே தோட்டங்களை விற்றார்கள். வாங்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தது, குவாரிக் கம்பெனி. மரத்துக்கு அவர்கள் விலை வைக்கவில்லை. மரத்துக்குக் கீழே இருந்த பாறைக்கு வைத்தார்கள்.

குவைத்காரர் மட்டும் இன்னும் விற்கவில்லை. ஆனால் குவாரியில் கல் உடைக்கும் கிரஷரின் தூசி விற்றவன் தோட்டம், விற்காதவன் தோட்டம் என்று பார்ப்பதில்லை. சிரட்டையில் பால் ஊறும்போதே மேலே வெள்ளையாகப் படிந்துவிடும். ஆசிட் விட்டு உறைய வைத்து ஷீட் அடித்துக் கொண்டுபோனால் பாறசாலைக் கடையில் வியாபாரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். விரலால் தடவுவார்.

"இது ஷீட்டா, உப்புத்தாளா? சட்டிக்க அடி தேய்க்கக் கொள்ளாம்."

"நீரு எடுத்துட்டுப் போயி உமக்கு நாக்கைத் தேயும்" என்று அவள் திருப்பிச் சொல்வாள். ஆனாலும் ஷீட்டைக் கீழ்த்தர விலைக்குத்தான் போட்டுவிட்டு வருவாள்.

இதற்கெல்லாம் முன்பு, கேரளத்தில் வேறு எங்கோ மலை இறங்கி ஆட்கள் மண்ணுக்கடியில் போனார்கள். அதன் பிறகு இந்தப் பக்கத்துக் குவாரிகளை மூடச் சொல்லிப் போராட்டம் நடந்தது. மூடினார்கள். போராடிய கட்சி லட்டு கொடுத்தது. விமலகுமாரியும் ஒன்று வாங்கித் தின்றாள். நல்ல காரியம்தான். ஆனால் குவாரியை மூடியவர்கள் கல்லின் தேவையை மூடவில்லை. கடற்கரையில் துறைமுகம் வளர்ந்துகொண்டிருந்தது. கடலுக்குள் சுவர் போகவேண்டும். கடல் எவ்வளவு கல்லைப் போட்டாலும் விழுங்கும். கேரளத்து மலையைத் தொடக் கூடாது. ஆகவே தமிழ்நாட்டு மலை. லட்டு கொடுத்த அதே ஆட்கள் துறைமுகத்துக்குப் போகும் வழியில் காஞ்சிரங்குளத்தில் லாரிகளுக்குக் கொடி காட்டினார்கள். வளர்ச்சி என்றார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில், எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் ரோட்டில் உட்கார்ந்து லாரிகளை மறித்தார்கள். எங்கள் மலை உங்கள் கடலுக்கா என்று தட்டி பிடித்தார்கள். ஆட்சி மாறியது. தட்டி பிடித்தவர்கள் லாரிகளுக்குப் பாஸ் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தார்கள். பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் தட்டியை வாங்கிக்கொண்டார்கள். தட்டியில் எழுத்தைக்கூட மாற்றவில்லை. லாரி மட்டும் இரண்டு ஆட்சியிலும் நிற்காமல் போனது.

அஜேஷ் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறான். பெரிய டாரஸ் வண்டி. படித்த படிப்புக்கு வேலை தேடி அலுத்தபோது இதுதான் பக்கத்தில் இருந்தது. தாயும் மகனும் ராத்திரிச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பேசாமலிருக்கப் பழகியிருந்தார்கள். சர்வேயர் வந்து போன அன்று அவளால் முடியவில்லை.

"நீ ஏத்திட்டுப் போறது உனக்க அப்பன் கட்டின வீட்டுக்க பின்சுவராக்கும்" என்றாள்.

"நான் ஓட்டல்லண்ணா வேற ஒருத்தன் ஓட்டுவான். கல்லு எப்பிடியும் போவும்மா."

"போவும். நீயும் சேந்து போவாண்டாம்."

"பின்னே எங்க போவ? பால் வெட்டவா?"

மீன்குழம்பை அவன் பக்கம் தள்ளினாள்.

இரண்டு நாள் கழித்து ஷிஜு வந்தான். அவர்கள் சபையைச் சேர்ந்த பையன்தான். இந்தப் பக்கத்துக் குவாரிகளை மூடிய போராட்டத்தில் மைக் பிடித்தவன். அன்று அவன் தொண்டை கட்டிப்போக, விமலகுமாரிதான் மிளகும் சுக்கும் போட்டுக் காப்பி வைத்துக் கொடுத்தாள். இப்போது கம்பெனிக்கு ஊரோடு பேசுகிற வேலை அவனுக்கு. அறுப்புப் பண்டிகையில் காணிக்கைப் பண்டங்களை லேலம் விடும்போது கம்பெனி சார்பில் கை தூக்குவதும் அவன்தான். போன பண்டிகைக்கு விமலகுமாரி கொடுத்த செவ்வாழைக் குலையை வேறு யாரும் எட்ட முடியாத விலைக்கு ஏற்றி எடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் தொழில் செழிக்க சபையில் ஜெபம் பண்ணினார்கள். அவளும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஆமென் சொல்லவில்லை.

"மாமி, கருத்துக் கேட்பு திங்கக்கிழமை. அந்தப் பக்கம் கல்யாண மண்டபத்துல. நீங்க வரணும்."

"நீ கம்பெனிக்க ஆளல்லா? என்னை எதுக்கு விளிக்குதே?"

"கம்பெனி வேற, மனசாட்சி வேற மாமி. எனக்க அம்மைக்க வீடும் பாறை அடிவாரத்துலதானே. நான் வாய் திறக்கப் பற்றாது. நீங்க திறக்கலாம்."

"கேரளாக்காரியைப் பேச விடுவாவளா?"

"அதுதான் சொல்ல வந்தேன்." முற்றத்தில் நின்றபடியே குரலைத் தாழ்த்தினான். "தமிழ்நாட்டுக் கார்டு உண்டல்லா, அதை எடுத்துட்டு வாங்க. இந்தப் பக்கத்துக் கார்டை வெளியே காட்டிராதீங்க. வேற ஸ்டேட்காரி எண்ணு இறக்கி விட்டுருவாவ."

அவளுக்கு அவன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. நல்ல தள்ளை பெற்ற பிள்ளைதான் என்று நினைத்தாள். காப்பி வைக்கட்டுமா என்று கேட்டாள். அவசரமாகப் போகவேண்டும் என்றான்.

திங்கட்கிழமை அவள் பால் வெட்டப் போகவில்லை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனாள். இரண்டு கார்டும் பையில் இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொள்வது வழக்கம். எந்தப் பக்கம் எது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்.

பொன்னையன் மண்டபத்து வாசலில் நின்றான். "விமலா, பேசிட்டு சட்டுண்ணு இறங்கிரு. தர்க்கம் வேண்டாம். இங்க உள்ளவனுவ நம்ம ஆளுவ இல்லை."

"பின்னே ஆரு?"

"பஸ்ஸுல கொண்டு இறக்கியிருக்கானுவ. பிரியாணி உண்டாம்."

உள்ளே நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, பக்கத்தில் எழுதுகிறவர், ஓரத்தில் கம்பெனிக்காரர்கள். ஒவ்வொருவராக எழுந்து கம்பெனி வேண்டும் என்றார்கள். ஒருவர் ரோடு வரும் என்றார். ஏற்கெனவே இருந்த ரோடு லாரி ஓடிக் குழியானதை அவர் சொல்லவில்லை. ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுத்ததைச் சொன்னார். வெடிக்குப் பயந்து பிள்ளைகள் அந்தப் பெஞ்சுக்கு அடியில் உட்காருவதையும் சொல்லியிருக்கலாம். ஒருவர் தேசத்தின் துறைமுகம் என்று ஆரம்பித்து, எந்த தேசம் என்று குழம்பி, நன்றி வணக்கம் என்று உட்கார்ந்தார்.

விமலகுமாரி எழுந்தாள். எழுதுகிறவர் கை நீட்டினார். "பேரு, முகவரி. கார்டு இருந்தா கொடுங்கம்மா." தமிழ்நாட்டுக் கார்டைக் கொடுத்தாள். அவர் பார்த்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். மைக்கைத் தந்தார்கள்.

அவள் நீளமாகப் பேசவில்லை. வெடி வைத்தால் அடுக்களைச் சுவர் நடுங்கும் என்றாள். சில்லு வந்து ஓட்டை உடைத்தது என்றாள். கிணற்றில் தண்ணீர் இறங்கிப் போனதைச் சொன்னாள். "எனக்க வீட்டுல இருந்து பாத்தா வெடி வைக்குதவனுக்க சட்டை நிறம் தெரியும். அவ்வளவு பக்கம். மிச்சப் பொற்றையையும் கொடுத்தா பின்னே அவன் எனக்க அடுக்களையிலதான் குழி போடணும்" என்றாள். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி தலையாட்டினார். அவள் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதி இருந்தது.

முடிவில் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். அது முறை. ஆதரவு இத்தனை பேர் என்று வாசித்தார்கள். பிறகு: "ஆட்சேபம் ஒன்று. ஆட்சேபித்தவரின் வசிப்பிடம் திட்டப் பகுதிக்கு வெகு தொலைவில் உள்ளது. குறிப்பிட்ட தூரத்துக்குள் குடியிருப்புகள் இல்லை என்ற நில அளவை அறிக்கைக்கு மறுப்பு எதுவும் வரவில்லை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கார்டில் இருந்தது அண்ணன் வீட்டு முகவரி. அதையே எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில், பாறை வாயில் இருக்கிற வீட்டைப் பற்றிப் பேசியவள் பொற்றைக்கு அப்பால் ஒரு பஸ் தூரத்தில் குடியிருக்கிறாள். ஆகவே அவள் வீடு நடுங்கியிருக்க முடியாது.

"சார், தப்பு. அது அண்ணனுக்க வீடு. எனக்க வீடு கல்லுக்குக் கீழ. கேரளாவுல."

"நீங்க கொடுத்த கார்டுதானே அம்மா?"

"இது இல்லாட்டா பேச விட மாட்டிய எண்ணு சொன்னாவ."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "யார் சொன்னது? கார்டே வேண்டாம்மா. பாதிப்பு உள்ளவங்க யார் வேணும்னாலும் வந்து பேசலாம். எந்த ஸ்டேட்டா இருந்தா என்ன?"

அவள் திரும்பினாள். ஷிஜு தூணோரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எலே ஷிஜு. நீ பறை. எனக்க வீடு எங்க?"

அவன் நிமிரவில்லை. "மாமி, நான் ஒரு உதவிக்குப் பறஞ்சேன். எனக்கு சட்டம் தெரியுமா?"

"மைக்குல சட்டம் பேசினவன்தானேலே நீ. தொண்டை கட்டிப் போவும் வரைக்கும் பேசினியே."

கம்பெனிக்காரர்களில் ஒருவர், சட்டை மடிப்புக் கலையாதவர், சிரித்துக்கொண்டே சொன்னார். "சார், அம்மாகிட்ட கேரளா கார்டும் இருக்கான்னு கேளுங்க."

பொன்னையன் அவள் கையைப் பிடித்தான். "விமலா, விடு. போதும். வீட்டுக்குப் போலாம்."

அவள் பையைத் திறந்தாள். மற்றக் கார்டை எடுத்து, இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

அதிகாரி இரண்டையும் பார்த்தார். பெயர் ஒன்று, முகம் ஒன்று. குரலைத் தாழ்த்தினார். "அம்மா, யோசிச்சுக்குங்க. ரெண்டு இடத்துல ஓட்டு வச்சிருக்கிறது குற்றம். இதை எழுதினா பதிவாயிடும். கேஸ் வரும். உள்ள வச்சுக்குங்க. நான் பார்க்கலைன்னு இருந்துடறேன்."

நல்ல மனுஷன்தான். இந்த விவகாரத்தில் எல்லாரும் நல்ல மனுஷர்கள். திருவனந்தபுரத்துக்காரி தண்ணீர் கொடுத்தாள். சர்வேயர் அதட்டவில்லை. ஷிஜு உதவி செய்தான். இவர் பார்க்காமல் இருக்கத் தயாராக இருந்தார். இத்தனை நல்லவர்கள் சேர்ந்துதான் ஒரு வீட்டை இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"எழுதுங்க சார்" என்றாள். "ரெண்டும் எனக்கதாக்கும். குற்றம் செய்தவ எண்ணு எழுதுங்க. அந்தக் குற்றம் செய்தவளுக்க வீடு எல்லைக்கல்லுக்குக் கீழ, பாறைக்க வாயில இருக்கு எண்ணும் எழுதுங்க. அதை எழுதிட்டு இதை விட்டுரப்படாது. இதை எழுதிட்டு அதையும் விட்டுரப்படாது."

"உங்க மேல நீங்களே..."

"ஆமா. வேற ஆரும் எனக்க வீடு அங்க உண்டு எண்ணு எழுதல்லியே."

மண்டபத்தில் இருந்தவர்களில் எல்லையோரத்து ஆட்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் சட்டைப்பையிலும் இரண்டு கார்டு இருந்தது. அவர்கள் தரையைப் பார்த்தார்கள். எழுந்து நின்று எனக்கும் வீடு அங்கேதான் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரும் கை தட்டவுமில்லை. வெளியே பிரியாணிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டார்கள்.

அதிகாரி எழுதுகிறவரைப் பார்த்தார். எழுதுகிறவர் எழுதினார். வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். 'வெகு தொலைவில்' என்று முதலில் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னாள். அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டாள், தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று.

"ரெண்டு எதுக்கும்மா?"

"ரெண்டு சர்க்காரும் வாசிக்கட்டும்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன் பால் வெட்டப் போனாள். ஆறு மணிக்கு அஜேஷுக்குப் போன் வந்தது, இனி வண்டி எடுக்க வரவேண்டாம் என்று. அவன் கொஞ்ச நேரம் படுத்திருந்தான். பிறகு குளித்துவிட்டு, அம்பூரியில் ஒரு பிக்கப் வண்டிக்கு ஆள் வேண்டும் என்று சொன்னவரைப் பார்க்கப் போனான். போகும் வழியில் தோட்டத்தில் நின்ற அம்மாவிடம் வாறேன் என்றான்.

பதினோரு மணிக்குப் பால் எடுத்தாள். பன்னிரண்டுக்குச் சைரன் ஊதியது. வெடித்தார்கள். ரோட்டில் லாரிகள் போயின.

மதியம் பாறசாலை தேர்தல் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கேரளா கார்டை வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்றார்கள். மூன்று மணிக்குப் பொன்னையன் போனில் கூப்பிட்டு, வி.ஏ.ஓ. அலுவலகத்திலிருந்து ஒருவர் தன் வீட்டுக்கு வந்து தமிழ்நாட்டுக் கார்டைக் கேட்டதாகச் சொன்னான். அந்தக் கார்டைக் கொண்டுவரச் சொன்னான்.

ஒரு தமிழ்ப் பத்திரிகையில் கூட்டம் சுமுகமாக நடந்தது என்று வந்திருந்தது. மலையாளப் பத்திரிகையில் கூட்டத்தைப் பற்றி இல்லை. துறைமுகச் சுவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று இருந்தது.

ஆசிட் தீர்ந்திருந்தது. பால் உறைய வைக்க வேண்டும். நாலரை மணி பஸ்ஸில் பாறசாலைக்குப் போனாள். கடை திறந்திருந்தது. வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.